புது விண்டோஸ், பழைய வி.பி.என்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டுக்கு மேல் ஓடிய பதிப்பு அது. நிறுத்திய மறுநாளும் கணினிகள் வழக்கம்போலத் திறந்தன. வேர்டு, டேலி, பிரவுசர் எல்லாம் ஓடின. மாறவேண்டிய அவசரம் பலருக்கு உறைக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். சிக்கல் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள், நீட்டிப்புத் திட்டத்தில் தனியாகப் பதிவு செய்யாத கணினிகளில் அடைபடாமலே கிடக்கும்.

அடைபடாத ஓட்டை என்ன செய்யும் என்பதை 2017-இல் வான்னாக்ரை என்ற தீநிரல் காட்டியது. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. மே 12-ஆம் தேதி வான்னாக்ரை பரவத் தொடங்கியபோது, இரண்டு மாதமாக அந்த அப்டேட்டைப் போடாமல் விட்டிருந்த கணினிகள் கொத்துக்கொத்தாக மாட்டின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இதற்கு யாரும் சந்தேகமான மின்னஞ்சலைத் திறக்கவேண்டியிருக்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒரு கணினியோடு ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலே போதும்.

வீட்டுக் கணினி, வி.பி.என். என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பின் வழியாக அலுவலகத்தோடு இணையும்போது, அதுவும் அலுவலக நெட்வொர்க்கின் உள்ளே ஓர் ஆளாக உட்கார்ந்துவிடுகிறது. அதனால் பல நிறுவனங்களின் வி.பி.என். சர்வர்கள், இணைய வரும் கணினியின் இயங்குதளப் பதிப்பையும் அப்டேட் நிலையையும் பார்த்துவிட்டே உள்ளே விடுகின்றன. பழைய பதிப்பு என்றால் கதவு திறக்காது. ஆக, வி.பி.என். வேண்டுமானால் இயங்குதளத்தை மாற்றியாக வேண்டும். இயங்குதளத்தை மாற்றினால் ஏற்கெனவே இருந்த வி.பி.என். அறுந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டையும் தனித்தனி வேலையாகப் பார்ப்பவர்கள்தான் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குள் நுழைய முடியாமல் தவிக்கிறார்கள்.

கணினி தாங்குமா?

விண்டோஸ் 11 கேட்பவை அதிகம் இல்லை போலத் தோன்றும்: 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், குறைந்தது இரண்டு கோர் கொண்ட 64 பிட் பிராசஸர். உண்மையான தடை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பிராசஸரின் தலைமுறை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. தோராயமாகச் சொன்னால், 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் அநேகமாக எதுவும் தேறாது.

மற்றொன்று டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு. இதைக் கேட்டவுடன் புது மதர்போர்டு வாங்கவேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை. பல கணினிகளில் இந்த வசதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது, பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்டெல் கணினிகளில் பி.டி.டி. என்ற பெயரிலும் ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரிலும் அது பயாஸ் திரையில் தென்படும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி' பகுதிக்குப் போனால் 'செக்யூரிட்டி பிராசஸர்' என்ற தலைப்பின்கீழ் பதிப்பு எண் 2.0 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மொத்தத் தகுதியையும் ஒரே சொடுக்கில் சொல்ல மைக்ரோசாஃப்டின் 'பி.சி. ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலி இருக்கிறது.

தகுதி இல்லாத கணினியிலும் சோதனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாம். அதற்கான குறுக்கு வழிகள் யூடியூபில் கொட்டிக்கிடக்கின்றன. அப்படி ஏற்றிய கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. அப்டேட்டுக்காகவே செய்யும் வேலையில் அப்டேட்டுக்கே உத்தரவாதம் இல்லையென்றால் அதில் பொருளில்லை.

மாற்றுவதற்கு முன்

முதலில் கோப்புகளின் நகல். புகைப்படம், கணக்கு, ஆவணம் எல்லாம் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் ஏறியிருக்கவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் கோட்டை விடுவது வேறொன்றில்: பிட்லாக்கர் மீட்புச் சாவி.

அண்மைக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடனேயே வட்டு முழுவதும் பிட்லாக்கரால் தானாக மறையாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. டி.பி.எம்.மையோ 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு வசதியையோ இயக்குவதற்காகப் பயாஸில் கைவைத்துவிட்டுக் கணினியைத் திறந்தால், நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் வட்டில் இருப்பது ஒன்றும் திரும்ப வராது. சர்வீஸ் கடையிலும் வழி இல்லை. எண் பெரும்பாலும் அவரவர் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதிக்கொள்வதும், பயாஸைத் தொடுவதற்கு முன் மறையாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் நல்லது. அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் சாவி நிறுவனத்தின் ஐ.டி. பிரிவிடம் இருக்கும்.

அடுத்து வி.பி.என். விவரங்கள். சர்வரின் முகவரி, எந்த வகை வி.பி.என்., பயனர் பெயர், கடவுச்சொல், பகிர்வுச் சாவி இருந்தால் அது, சான்றிதழ்க் கோப்பு இருந்தால் அது என எல்லாவற்றையும் பழைய கணினி ஓடும்போதே திரட்டிவிடவேண்டும். விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் வி.பி.என். கடவுச்சொல்லைத் திரும்பத் திறந்து பார்க்க முடியாது, புள்ளிகளாகத்தான் தெரியும். இன்னொரு சங்கடமும் உண்டு. வி.பி.என். செயலியை நிறுவும் கோப்பைப் பல நிறுவனங்கள் தங்கள் உள் இணையதளத்தில்தான் வைத்திருக்கின்றன. அந்தத் தளத்தைத் திறக்க வி.பி.என். வேண்டும், வி.பி.என். வேண்டுமென்றால் அந்தக் கோப்பு வேண்டும். புதிய பதிப்பை முன்பே இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டுவைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

மாற்றும் வேலை இத்தனை முன்னேற்பாட்டோடு ஒப்பிட்டால் எளிது. 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே விண்டோஸ் 11 காத்திருந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் 'இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட்' மூலம் செய்யலாம். கோப்புகளும் செயலிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். பல ஜி.பி. இறங்கும் என்பதால் மொபைல் டேட்டாவில் தொடங்காமலிருப்பது உத்தமம். நடுவில் கணினி சில முறை தானாக அணைந்து திறக்கும், சதவீத எண் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும். பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்தக்கூடாது. மேசைக் கணினி என்றால் யு.பி.எஸ். இல்லாமல் இறங்கவேண்டாம், மின்வெட்டு நாள் பார்த்து வருவதில்லை.

முடிந்தபின் பழைய இயங்குதளம் ஒரு தனிக் கோப்புறையில் பத்து நாள் பத்திரமாக இருக்கும். அதற்குள் 'கோ பேக்' வசதியைப் பயன்படுத்தி விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். அலுவலக வி.பி.என்., பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்துக் கருவி என அன்றாடம் தேவைப்படுபவை அனைத்தையும் அந்தப் பத்து நாளுக்குள் ஓட்டிப்பார்த்துவிடவேண்டும். பிறகு அந்தக் கோப்புறை அழிந்துவிடும்.

ஏன் அறுந்துபோகிறது?

கணினியிலிருந்து வெளியே போகும் தகவல் எல்லாம் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றின் மேலும் சேரவேண்டிய முகவரி எழுதியிருக்கும். வி.பி.என். கிளையன்ட் செய்வது, அந்தப் பொட்டலத்தை அப்படியே மறையாக்கம் செய்து இன்னொரு பொட்டலத்துக்குள் வைத்து, வெளியில் வி.பி.என். சர்வரின் முகவரியை மட்டும் எழுதி அனுப்புவது. வழியில் இருக்கும் இணைய நிறுவனத்துக்கோ ஓட்டல் வைஃபைக்கோ வெளி முகவரிதான் தெரியும். சர்வர் உறையைப் பிரித்து உள்ளே இருப்பதை உரிய இடத்துக்கு அனுப்பிவைக்கிறது.

இதற்காகக் கிளையன்ட், உண்மையில் இல்லாத ஒரு நெட்வொர்க் கார்டைக் கணினிக்குள் உருவாக்குகிறது. எந்த முகவரிக்கு எந்த வழி என்ற அட்டவணையையும் அது திருத்தி எழுதுகிறது. ஆகவே அது வேர்டு போல மேற்பரப்பில் ஓடும் செயலி அல்ல. டிரைவர் வடிவில் இயங்குதளத்தின் அடியாழத்தில் பதிந்திருப்பது. விண்டோஸ் பெரிய பதிப்பு மாற்றத்தின்போது உள்ளபடி புதிய இயங்குதளம் ஒன்றை நிறுவி, பழையதிலிருந்து டிரைவர்களையும் அமைப்புகளையும் அதற்குக் கொண்டுவருகிறது. அந்தக் குடிபெயர்ப்பில் முதலில் தொலைவது இந்தப் போலி நெட்வொர்க் கார்டுதான்.

இது விண்டோஸ் 11-க்கு மட்டுமே உரிய நோய் அல்ல. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, அலுவலகங்களில் பரவலாக இருந்த சிஸ்கோவின் பழைய வி.பி.என். கிளையன்ட் செயலிழந்தது; சிஸ்கோ அதை அதற்கு முன்பே கைவிட்டிருந்தது. 2016-இல் மேக் இயங்குதளத்தின் சியரா பதிப்பு, பி.பி.டி.பி. வகை வி.பி.என்.னை முற்றிலும் நீக்கியது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04, மறையாக்க மென்பொருளின் புதிய பதிப்பான ஓப்பன்எஸ்.எஸ்.எல். 3-க்கு மாறியதில், பழைய பாணியில் கையொப்பமிட்ட சான்றிதழ்களை வைத்திருந்த ஓப்பன் வி.பி.என். பயனர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். சில வேளைகளில் பெரிய மாற்றம்கூட வேண்டியதில்லை. 2022 ஜனவரி 11-ஆம் தேதி வெளியான மாதாந்திர விண்டோஸ் அப்டேட், எல்2டி.பி. வகை வி.பி.என். இணைப்புகளை உடைத்தது. ஆறே நாளில், 17-ஆம் தேதி, அதைச் சரிசெய்ய அவசர அப்டேட் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது.

இவற்றில் சியராவும் உபுண்டுவும் வேண்டுமென்றே செய்தவை. பலவீனமான பூட்டை இனி ஏற்கமாட்டேன் என்று இயங்குதளம் மறுப்பது நியாயமானதே, திருத்தவேண்டியது வி.பி.என். சர்வர் பக்கத்தில்.

ஆகவே இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் பழைய வி.பி.என். செயலியை அகற்றிவிட்டு, மாற்றிய பின் புதிய பதிப்பை நிறுவுவதே சுத்தமான முறை. இருந்ததை அப்படியே விட்டு, பிறகு உடைந்ததை ஒட்டப்பார்ப்பது நேரத்தைத் தின்னும்.

எந்த வகை?

பி.பி.டி.பி. செத்துப்போன நெறிமுறை. அதன் கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை உடைக்க முடியும் என்பது 2012-இலேயே செய்துகாட்டப்பட்டுவிட்டது. இன்றும் ஒரு நிறுவனம் அதைக் கொடுத்தால் மறுத்துவிடலாம். எல்2டி.பி. இன்னும் பல ரவுட்டர்களில் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் 2024-இல் தன் சர்வர் இயங்குதளத்தில் இவ்விரண்டையும் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. ஐ.கே.இ. 2 விண்டோஸிலேயே உள்ளடங்கியது, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அறுந்துபோகாதது. ஓப்பன் வி.பி.என். 2001-இல் ஜேம்ஸ் யோனன் உருவாக்கியது. இத்தனை ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்து நிற்கிறது.

புதியவற்றில் வயர்கார்டு தனித்து நிற்கிறது. ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதியது. ஓப்பன் வி.பி.என்.னோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, சுமார் 4,000 வரிகள்தான். நிரல் சிறிதாக இருந்தால் தணிக்கை எளிது, ஓட்டை ஒளிந்திருக்க இடம் குறைவு. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது.

விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் கிளையன்டைப் பயன்படுத்த, 'செட்டிங்ஸ்' சென்று 'நெட்வொர்க்' பகுதியில் 'வி.பி.என்.' என்பதைத் திறந்து, 'ஆட் வி.பி.என்.' கொடுக்கவேண்டும். சர்வர் முகவரியையும் வகையையும் பயனர் விவரங்களையும் நிரப்பினால் போதும். வகையைத் 'தானியங்கி' என்று விடாமல், தெரிந்த வகையையே குறிப்பிட்டால் இணைப்பு சீக்கிரம் கிடைக்கும்.

வயர்கார்டில் எல்லாம் ஒரு சிறு உரைக்கோப்பில் அடங்கிவிடும். பத்து வரிகூட இருக்காது, நோட்பேடில் திறந்தே படிக்கலாம். மேல்பாதி இந்தக் கணினியைப் பற்றியது: அதன் தனிச்சாவி, சுரங்கத்துக்குள் (வி.பி.என். இணைப்புக்குள்) அதன் முகவரி, பயன்படுத்தவேண்டிய டி.என்.எஸ். சர்வர். கீழ்ப்பாதி எதிர்முனையைப் பற்றியது: அதன் பொதுச்சாவி, இணைய முகவரி, பெரும்பாலும் 51820 என்ற போர்ட் எண். சாவி ஒவ்வொன்றும் 44 எழுத்து நீளம், கடைசி எழுத்து சமக்குறி. நகலெடுக்கும்போது அந்தச் சமக்குறி விடுபட்டால் சாவி செல்லாது. தனிச்சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவதற்குச் சமம்.

கோப்பின் முக்கியமான வரி, அனுமதிக்கப்பட்ட முகவரிகளைச் சொல்வது. அங்கே 0.0.0.0/0 என்று இருந்தால் யூடியூப் உட்பட எல்லாமே வி.பி.என். வழியாகப் போகும். அலுவலக நெட்வொர்க்கின் முகவரி வரம்பை மட்டும் கொடுத்தால், அலுவலக வேலை சுரங்கத்திலும் மற்றவை நேர்வழியிலும் போகும். எல்லாவற்றையும் உள்ளே அனுப்ப எண்ணுபவர்கள் ::/0 என்பதையும் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் ஐ.பி.வி. 6 போக்குவரத்து சத்தமில்லாமல் வெளியே ஓடக்கூடும்.

இணைந்தும் இணையாதபோது

'இணைக்கப்பட்டது' என்று திரை சொல்லியும் அலுவலக சர்வர் திறக்காவிட்டால், முதலில் பார்க்கவேண்டியது வீட்டு ரவுட்டரை. பல வீட்டு ரவுட்டர்கள் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத்தான் கொடுக்கின்றன. அலுவலகத்திலும் அதே வரம்பு இருந்தால், அலுவலக சர்வரைத் தேடும் கணினி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். வீட்டு ரவுட்டரின் வரம்பை 192.168.50 என்பதுபோல மாற்றினால் தீர்ந்தது.

பழைய மேசைக் கணினிகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்துபோய்த் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போயிருக்கும். சான்றிதழ் வழி இயங்கும் வி.பி.என்., 'இந்தச் சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லை' என்று மறுக்கும். கோளாறு மென்பொருளில் இல்லை, சிறு பேட்டரி ஒன்றில்.

வயர்கார்டு தவறான சாவிக்குப் பிழைச் செய்தி எதுவும் தராது, பதிலே வராது. கிளையன்ட் திரையில் கடைசிக் கைகுலுக்கல் எப்போது நடந்தது என்ற வரி தோன்றவில்லையென்றால் சாவியோ போர்ட்டோ தவறு, அல்லது இடையில் ஏதோ ஃபயர்வால் தடுக்கிறது. சில தளங்கள் திறந்து சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால், பொட்டல அளவைக் குறிக்கும் எம்.டி.யு. எண்ணை 1280 ஆகக் குறைத்துப் பார்க்கவேண்டும்.

எல்லாம் ஓடியபின் ஒரு சோதனை மிச்சம். ஐ.பி. முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தை வி.பி.என். இல்லாமல் ஒரு முறையும், இணைத்த பின் ஒரு முறையும் திறந்து பார்க்கவேண்டும். எல்லாப் போக்குவரத்தையும் உள்ளே அனுப்பும் அமைப்பில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால், சுரங்கம் இருக்கிறது, ஆனால் யாரும் அதன் வழியே போகவில்லை என்று பொருள்.

நம்பிக்கை யார்மீது?

வி.பி.என். வைரஸைத் தடுக்காது; கூகுள் கணக்கில் நுழைந்தவரை கூகுளிடமிருந்து மறைக்காது. அது செய்வது, இணைய நிறுவனத்தின்மேல் இருந்த நம்பிக்கையை வி.பி.என். நிறுவனத்தின்மேல் மாற்றுவது. இலவச வி.பி.என்.களில் இந்த மாற்றம் நட்டத்தில் முடியலாம். ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய ஒனாவோ என்ற இலவச வி.பி.என்., பயனர்கள் எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலைத் தாய் நிறுவனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆப்பிளின் விதிமுறைகளுக்கு முரணானதால் 2018-இல் அதன் ஆப் ஸ்டோரிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவது பொதுவாகச் சட்டவிரோதம் அல்ல. ஆனால் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி, கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, வி.பி.என். விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஒதுக்கப்பட்ட ஐ.பி. எண் முதலிய விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கவேண்டும். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என்.களுக்கு இது பொருந்தாது. உத்தரவை ஏற்காமல் எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க் ஆகியவை தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன.

இனி, விண்டோஸ் 11-ஐத் தாங்காத கணினிகளின் கதி. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் வீட்டுப் பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். டேலியும் டிஜிட்டல் கையெழுத்துக் கருவியும் அன்றாடம் வேண்டியவர்கள் அந்த அவகாசத்தில் புதுக் கணினிக்குப் பணம் சேர்ப்பதே வழி. பிரவுசரும் கடிதமும் மட்டும் போதும் என்பவர்களுக்கு அதே பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் 22 போதும். அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு, வயர்கார்டு அதன் கெர்னலிலேயே இருக்கிறது. அலுவலக வி.பி.என்.னுக்கு லினக்ஸ் கிளையன்ட் உண்டா என்பதை மட்டும் மாறுவதற்கு முன் ஐ.டி. பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.